அம்மி தேய்ந்த கதை

ஓசூரில் ஒரு கம்பெனி டூல் ரூமில் 27 வருஷமாக இரும்பு அறுத்துக்கொண்டிருக்கிறேன். அறுப்பது என்றால் விறகு அறுக்கிற மாதிரி இல்லை. ஒரு தலைமுடியைப் பத்தாகப் பிளந்து, அதில் ஒரு பங்கு கூடிவிட்டாலும் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போடுகிற வேலை. விடியற்காலையில் குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏறி, சாயங்காலம் அதே இடத்தில் இறங்கும்போது எனக்கு என்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் ஒன்று இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம். அன்றைக்கு மறந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாடு. மகள் பதினோராம் வகுப்பு, வரலாறு பிரிவு. ("மெக்கானிக்கல் வேண்டாம்ப்பா, உங்களைப் பார்த்தாலே தெரியுது" என்று காரணம் சொன்னவள்.) தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மெஹர்கர்னு ஒரு ஊருப்பா. இப்ப பாகிஸ்தான்ல, பலுசிஸ்தான் பக்கம். 7,000 வருஷத்துக்கும் முந்தி அங்க சங்குல வளையல் பண்ணியிருக்காங்க. ரம்பம் கிடையாது, அரம் கிடையாது. கல்லால தட்டி, கல்லுல தேய்ச்சே பண்ணியிருக்காங்க."

"இதென்ன பெரிய வேலை?" என்றேன், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "ஒரு சங்கு, ஒரு கல்லு, ஒரு ஞாயித்துக்கிழமை. போதும்."

மகள் ஒன்றும் சொல்லாமல் அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா மோர்ச் சட்டியைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எனக்கு வருகிற தீர்ப்பெல்லாம் இப்படித்தான், பேச்சில்லாமல் வரும்.

இப்போது சங்குக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் என்ன வேண்டுமோ கேளுங்கள். வெள்ளிக்கிழமை சந்தையில் ஆடு கிடைக்கும். சீசனில் மாங்காய் லாரி லாரியாகப் போகும். பெங்களூர் ரோட்டில் எந்நேரமும் ஹாரன் சத்தம் இலவசம். கடல் மட்டும் கிடையாது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் மெஹர்கர்காரனுக்கும் அரபிக்கடல் 400 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸும் இல்லாமல் அவன் எப்படியோ சங்கைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். எனக்கு ஷோகேஸ் வரைக்கும் நடந்தால் போதும்.

ஷோகேஸில் ஒரு சங்கு இருந்தது. என் மச்சினன் ராமேஸ்வரம் போனபோது வாங்கிவந்தது. 'அக்கா மாமாவுக்கு அன்புடன்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதி, கீழே அவன் பெயர், பெயருக்குப் பின்னால் 'பி.காம்.' என்று போட்டிருக்கும். அந்த பி.காம். இன்னும் முடியவில்லை. ஆகவே அந்தச் சங்கை உடைப்பதில் எனக்கு மனசாட்சி உறுத்தல் எதுவும் ஏற்படவில்லை, ஒருவிதமான உற்சாகமே ஏற்பட்டது.

அடுத்தது கல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமா? தெரிந்தவர் ஒருவர் கிரானைட் பாலீஷ் பட்டறை வைத்திருக்கிறார். போய், "அண்ணா, கல்லு வேணும்" என்றேன். "எத்தனை லோடு சார்?" என்றார். "கைக்கு அடக்கமா ஒண்ணு" என்றேன். அவர் கால்குலேட்டரை மேஜைக்குள் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், அது ரோட்டுல கிடக்குமே" என்றார். கிடந்தது. வெள்ளை வெளேரென்று நல்ல வெங்கச்சங்கல் ஒன்று அவர் கேட்டுக்கு வெளியிலேயே கிடந்தது.

காகிதக் கணக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஒரு பொருள் இன்னொன்றைக் கீறுமா என்று பார்க்க மோஸ் அளவு என்று ஒன்று உண்டு. முகப் பவுடர் கல் 1, வைரம் 10. சங்கு மூன்றரையிலிருந்து நாலு. வெங்கச்சங்கல் 7. நாலை ஏழு அடித்தால் என்ன ஆகும்? இதற்கு டூல் ரூம் அனுபவம்கூடத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி காய் வாங்கப் போனதும், துணி துவைக்கும் கல்லின் மேல் சங்கை வைத்து, கல்லை ஓங்கி ஒன்று போட்டேன். கல் எகிறியது. கட்டைவிரல் கூட இருந்தது. சங்கு சும்மா இருந்தது.

சங்கின் உடம்பு கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்புச் சத்துதான். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு ஆகிவிடுவது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒன்று ஏன் உடைய மாட்டேன் என்கிறது? அந்த நத்தை தன் வீட்டைக் கட்டுகிற விதம் அப்படி. பிளைவுட் பார்த்திருப்பீர்களே, ஒரு தகட்டின் நரம்பு நெடுக்கே ஓடினால் அடுத்ததன் நரம்பு குறுக்கே ஓடும். சங்கிலும் அதே ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை அடுக்கடுக்காக, மாற்றி மாற்றிச் சாய்த்து, நடுவில் துளிப் பசை வைத்து ஒட்டியிருக்கிறது. விரிசல் ஒரு அடுக்கில் நேராக ஓடிவந்தால் அடுத்த அடுக்கில் திரும்ப வேண்டும், அதற்கடுத்ததில் மறுபடி திரும்ப வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போன மனுஷன் மாதிரி, எந்தக் கவுன்ட்டர் என்று தெரியாமல் அங்கேயே களைத்து உட்கார்ந்துவிடும். கரீபியன் கடலின் ராணிச் சங்கை ஆராய்ந்து 2000-ம் வருஷம் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: வெறும் கனிமத்தை உடைக்கிறதைப்போல் சுமார் 1,000 மடங்கு வேலை வாங்குமாம் இந்த ஓடு. அவர்கள் சங்கின் பக்கத்தில் நின்று எழுதினார்கள். நான் எதிரில் நின்றேன்.

பத்தாவது அடியில் அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "என்னா சார், வீட்டுல விசேஷமா?"

"இல்லைங்க. ஏன்?"

"தேங்கா உடைக்கிற சத்தம் ரொம்ப நேரமா கேக்குது. முத்தலா?"

பதினாறாவது அடியில் சங்கு உடைந்தது. வளையல் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே, 'அன்' ஒரு பக்கமும் 'புடன்' ஒரு பக்கமுமாகப் பிளந்தது. மச்சினன் பெயர் பொடியாகிவிட்டது. முழுசாகத் தப்பியது ஒரே ஒரு சில்லு. கீரைக் கட்டோடு உள்ளே நுழைந்த மனைவி அதைக் குனிந்து எடுத்தாள். அதில் 'பி.காம்.' என்று இருந்தது.

"பாத்தீங்களா, படிப்பு அழியாதுங்க" என்றாள்.

மகளுக்குப் பரம சந்தோஷம். தோற்ற அப்பாவுக்குப் பாடம் நடத்துவதைவிட ஒரு பிள்ளைக்கு வேறென்ன இன்பம்? முதலில் ஜப்பானிலிருந்து ஆரம்பித்தாள். ஒகினாவா தீவில் சகிதாரி என்று ஒரு குகை. அங்கே 23,000 வருஷத்துக்கு முன்னால் கடல் நத்தை ஓட்டில் தூண்டில் முள் செய்து வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே பழைய தூண்டில் அதுதானாம். எனக்குத் தோன்றியது இதுதான்: அவன் ஓட்டை உடைத்து, தேய்த்து, தூண்டில் செய்து, மீன் பிடித்து, தின்று, கையும் கழுவிவிட்டான். நான் இன்னும் கட்டைவிரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். ஜொனாதன் மார்க் கெனாயர் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் சிந்துவெளிச் சங்கு வேலையைப் பல வருஷம் ஆராய்ந்தவர். அவர் காட்டுகிற முறையில் ஓங்கிப் போடுகிற வேலையே கிடையாது. சங்கின் மூக்கு நுனியை முதலில் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே சுழல் சுழலாக இருக்கிற தடுப்புச் சுவர்களைக் குத்தி உடைத்து, நடுத்தண்டை விடுவிக்க வேண்டும். நடுத்தண்டு குப்பை இல்லை, அதை மணியாக்குவார்கள். மிச்சம் இருக்கிற கூட்டைத்தான் வட்டம் வட்டமாக வளையலுக்கு எடுப்பது. சிந்துவெளிக்காரர்களிடம் அதற்குச் செம்பு, வெண்கல ரம்பம் இருந்தது. குஜராத் கடலோரத்தில் நாகேஷ்வர் என்ற ஊரில் இதே வேலையாக ஒரு கிராமமே உட்கார்ந்திருந்திருக்கிறது. ரம்பம் வருவதற்கு முந்தைய ஆள் பாவம், ஓரத்தைக் கல்லால் கொத்திக் கொத்தி, எறும்பு பிஸ்கட்டைத் தின்கிற மாதிரி வளையம் வரைக்கும் வரவேண்டும். வந்தபிறகு கல்லில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

"அப்பா அடிச்சது இதுல எந்த ஸ்டெப்?" என்று மனைவி விசாரித்தாள்.

நல்லவேளை, மச்சினன் மறுபடி ராமேஸ்வரம் போனான். சொன்னபடி 2 சங்கு கொண்டுவந்தான். இரண்டிலும் அவன் பெயர் இருந்தது. இந்த முறை எம்.பி.ஏ.

முதல் சங்கு, மூக்கைத் தட்டும்போதே போய்விட்டது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டாவதில் நிதானம் வந்தது. தினம் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, வெங்கச்சங்கல் சில்லால் 'டக், டக்' என்று கொத்துவேன். கல்லைச் சாய்த்துப் பிடித்தால் சில்லு பெயர்கிறது, நேராகப் பிடித்தால் விரல் பெயர்கிறது. இந்த ஒரு வரியைக் கற்க எனக்கு 9 நாள் ஆயிற்று. பத்தாம் நாள் கையில் ஒரு வளையம் இருந்தது. கடித்துத் துப்பின மாங்கொட்டை மாதிரிதான் இருந்தது, இருந்தாலும் நடுவில் ஓட்டை இருந்தது. அன்றைக்கு ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அடுத்து, தேய்க்கிற வேலை. அங்கேதான் அம்மி இந்தக் கதைக்குள் வருகிறது.

எங்கள் வீட்டு அம்மி என் மாமியார் சீதனமாகக் கொடுத்தது. மிக்சி இருந்தாலும் சட்னிக்கும் மீன் குழம்புக்கும் அதுதான். நான் ஆளில்லாத நேரம் பார்த்து அதன் மேல் தண்ணீர் ஊற்றி, ஒரு கை எம்-சாண்டைத் தூவி, வளையத்தை வைத்துத் தேய்த்தேன். மணல்தான் வெட்டும், கல் தாங்கிக்கொள்ளும், தண்ணீர் தூசியை அடக்கும். உலகம் முழுக்க ஓட்டு வேலைக்காரர்களின் சூட்சுமம் இதுதான். தண்ணீர் ஊற்றாமல் ஒருமுறை தேய்த்துப் பார்த்தேன். மயிர் கருகின நாற்றம் வந்தது. பொடியும் மூக்குக்குள் போகும், அது நுரையீரலுக்கு ஆகாது. நீங்கள் செய்தால் தண்ணீரோடு செய்யுங்கள். செய்யாமலிருந்தால் அதைவிட நல்லது.

40 நிமிஷம் தேய்த்துவிட்டு வெர்னியர் வைத்து அளந்தேன். 0.3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. வளையத்தில் எவ்வளவு, என் உள்ளங்கையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி சைத்தான் வந்தான். பரண் மேல் ஆக்சா பிளேடு இருக்கிறதே என்று காதில் ஓதினான். நான் கை வைப்பதற்குள் மகள், "இரும்பு கூடாதுப்பா" என்றாள். ஜன்னலோரம் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், உண்மையில் இன்ஸ்பெக்‌ஷன்.

"அம்மா தாயே, ரம்பம் வெச்சு அறுக்கிறதும் பழைய தொழில்தான்" என்று வாதாடினேன். நியாயமான வாதம்தான். மதுரைக்காஞ்சியிலேயே மதுரைக் கடைத்தெருவில் சங்கை அறுத்து வளையல் கடைகிறவர்கள் வருகிறார்கள். வெம்பக்கோட்டையில் 2022-ல் தோண்ட ஆரம்பித்ததும் சங்கு வளையல்கள் வந்துகொண்டே இருந்தன. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மதராஸ் மீன்வளத்துறை வெள்ளைக்காரர் 1914-ல் சங்கைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நம் தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு வங்காளத்துக்குக் கப்பலேறிப் போவதும், டாக்காவில் பிறைநிலா மாதிரி ரம்பத்தால் அறுத்து அங்கத்திப் பெண்களுக்கு வளையல் ஆக்குவதும் அதில் இருக்கிறது. நக்கீரரே சங்கு அறுக்கிற குலம் என்பது வழிவழியாக வருகிற கதை. 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் ஏ.பி. நாகராஜன் நக்கீரராக வந்து, சிவனாக நின்ற சிவாஜியோடு மல்லுக்கட்டினாரே, அப்போதெல்லாம் இந்த மனுஷனுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் என்று நினைப்பேன். இப்போது ஆச்சரியமே இல்லை. பகல் முழுக்கச் சங்கை அறுத்துவிட்டு வந்தவனுக்கு நெற்றிக்கண் எம்மாத்திரம்?

இதையெல்லாம் நான் சொல்லிமுடிக்கும் வரை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, மயிலாடும்பாறைன்னு பேப்பர்ல வந்துதே, நம்ம மாவட்டம்தானே?"

"ஆமா. அங்க கிடைச்ச இரும்புக்குக் கி.மு. 2172-னு வயசு கணிச்சிருக்காங்க."

"அப்ப நம்ம ஊர்க்காரங்க கல்லைத் தூக்கிப் போட்டுட்டு இரும்பை எடுத்து 4,000 வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்களுக்கு மட்டும் சேதி வரலையா?"

மறுநாள் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வளையத்தை டிபன் கேரியரில், தயிர்சாதத்துக்கு மேல் தட்டில் ஒளித்து கம்பெனிக்கு எடுத்துப்போனேன். டைமண்ட் வீலில் 2 நிமிஷம் காட்டினால் யாருக்குத் தெரியும்? வீல் காலியாகவே இல்லை. சாயங்காலம் கேட்டில் பை சோதனை. இரும்புச் சாமான் எதுவும் வெளியே போகிறதா என்று பார்க்கிற செக்யூரிட்டி, கேரியரைத் திறந்து வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பின்னால் 40 பேர் வரிசை. பெங்களூரிலிருந்து வருகிற எங்கள் மேனேஜரும் அதில் இருந்தார். "ஏனு சார் இது?" என்று கன்னடத்தில் கேட்டார். "சங்கு சார்" என்றேன். சங்கு என்று முடித்து, மரியாதைக்கு ஒரு சார் சேர்த்தேன், அவ்வளவுதான். வரிசை அதை ஒரே பெயராக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கம்பெனியில் நான் சங்கு சார். கம்பெனி பஸ் வழியாக அந்தப் பெயர் எனக்கு முன்னாலேயே கூட்ரோட்டில் இறங்கிவிட்டது.

ஒருவழியாக, தேய்க்க ஆரம்பித்த மூன்றாம் வாரக் கடைசியில் வளையல் முடிந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நத்தை வட்டம் போடுவதில்லை, சுருள் போடுகிறது. ஆகையால் வளையம் ஆரம்பிக்கிற இடமும் முடிகிற இடமும் ஒன்றோடொன்று சேருமிடத்தில் ஒரு கோணல் விழும். தேய்த்தாலும் போகாது. சிந்துவெளிக்காரன் அந்தக் கோணலின் மேலேயே அழகாக ஒரு 'வி' வடிவக் கோடு செதுக்கிவிட்டான். பார்க்கிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். இதைத்தான் நான் 27 வருஷமாக டூல் ரூமில் செய்ய ஆசைப்பட்டு, ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

குளித்து, வளையலை மஞ்சள் தண்ணீரில் கழுவி, மனைவியின் எதிரில் நின்று, "கையை நீட்டு" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீட்டினாள். வளையல் விரல் முட்டி வரைக்கும் போய் நின்றது. சோப்புப் போட்டோம். எண்ணெய் போட்டோம். அசையவில்லை.

"எனக்கு ரெண்டு-ஆறுங்க" என்றாள். "இது ரெண்டுதான் இருக்கும்."

நான் வெர்னியர் வைத்து அளந்தேன். 51 மில்லிமீட்டர். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். தடிமன் அளந்தேன், அகலம் அளந்தேன், ஒவ்வொரு ராத்திரியும் எவ்வளவு தேய்ந்தது என்று நோட்டுப் போட்டு எழுதினேன். கையை அளக்கவில்லை. சந்தையில் வளையல் விற்கிற அம்மாவுக்கு என் மனைவியின் அளவு தெரியும்.

மகளுக்கும் போகவில்லை. மாமியார் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "திருஷ்டிக்கு நல்லா இருக்கும் மாப்ள" என்று சொல்லி, கறுப்புக் கயிற்றில் கோத்துத் தன் வெள்ளாட்டங்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டார். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் குட்டி சந்தைக்குப் போயிற்று. கயிற்றோடு போயிற்று என்பது சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது.

"வளையலுக்கு ஏதாவது கூடக் குடுத்தாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"இல்லை மாப்ள. கழுத்துல ஏதோ எலும்பு கட்டியிருக்கீங்கன்னு 100 ரூபா குறைச்சான்."

இவ்வளவும் போகட்டும். இதை நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. மூன்று வாரம் எம்-சாண்ட் போட்டுத் தேய்த்ததில் எங்கள் அம்மி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முகம் பார்த்துத் தலை வாரலாம், தேங்காய் அரைக்க முடியாது. குழவியை உருட்டினால் மிளகாய் அப்படியே வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்தால் சரியாகிவிடும். முன்பெல்லாம் தெருவில் "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்று உளியும் சுத்தியுமாக ஒருவர் வருவார். இந்தப் பக்கம் அவர் வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. நானே கொத்துகிறேன் என்று சொன்னேன். மனைவி மறுபடியும் மோர்ச் சட்டியைப் பார்த்தாள்.

உங்கள் தெருவுக்கு அம்மி கொத்துகிறவர் யாராவது வந்தால், தயவுசெய்து குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் இறங்கச் சொல்லுங்கள். பஸ் செலவு நான் கொடுத்துவிடுகிறேன். விலாசம் வேண்டாம். சங்கு சார் வீடு எது என்று கேட்டால் ஆடு மேய்க்கிற பையன்கூடக் காட்டிவிடுவான்.